பிழை விளிம்பா, கூடுகுறையா?

வணக்கம். ஒரு வீதத்தை, அதாவது மொத்தப் பேரில் எத்தனை பங்கினர் என்பதை, மதிப்பிடக் குறைந்தது எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்ற கணக்கைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'கூறளவு' (கேட்கப்படுகிறவர்களின் எண்ணிக்கை), 'நம்பிக்கை இடைவெளி' (உண்மையான வீதம் இருக்கக்கூடிய எண்களின் வீச்சு) இரண்டிலும் சிக்கல் இல்லை. இடறுவது மார்ஜின் ஆஃப் எரர்தான், அதாவது நமக்குக் கிடைத்த வீதத்துக்கு இருபுறமும் எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்று சொல்லும் அளவு. பிழை விளிம்பு, பிழை வரம்பு, பிழை எல்லை என்று ஆளுக்கொன்று எழுதுகிறோம்.

மூன்றிலும் எனக்கு உறுத்துவது 'பிழை'. அதைக் கேட்டதும் யாரோ தப்புப் பண்ணிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. எல்லாரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்டதால் வருகிற ஊசலாட்டம் இது. கேள்வியைக் கோணலாகக் கேட்டது, பூட்டியிருந்த வீட்டை அப்படியே விட்டுவிட்டது போன்ற நிஜப் பிழைகள் இந்த எண்ணுக்குள் வருவதே இல்லை. எதைச் சேர்க்கவில்லையோ அதன் பெயரையே சூட்டுகிறோம்.

பேச்சில் 'கூடக்குறைய இருக்கும்' என்கிறோமே, அதிலிருந்து 'கூடுகுறை' என்று எடுக்கலாமா? கணக்கில் வைத்துப் பார்த்தேன்.

95 சதவீத நம்பிக்கை, கூடுகுறை 5 சதவீதப் புள்ளி. வீதம் என்னவென்று முன்கூட்டித் தெரியாததால் 0.5 என்று வைத்துக்கொள்கிறோம். கூறளவு அதிகமாகத் தேவைப்படுவது அங்கேதான். 95 சதவீத நம்பிக்கைக்கு உரிய எண் 1.96, அதன் வர்க்கம் 3.8416. அதை 0.5 × 0.5 ஆல் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16. 0.16 ஆளைக் கேட்க முடியாது, 384 பேர் போதாது, ஆக 385. கூடுகுறையைப் பாதியாக்கினால் 1537, கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 'விளிம்பைப் பாதியாக்கினால்' என்று எழுதிப் பாருங்கள், ஒட்டவில்லை.

ஒரு குறை உண்டு. பிரித்து எழுதினால் 'கூடு' பறவைக்கூடாகிவிடும். சேர்த்தே எழுத வேண்டும். 'ஏற்றக்குறைச்சல்' என்றும் யோசித்தேன். அதில் சமத்துவமின்மை வாடை அடிக்கிறது.

அப்புறம் இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய தடுப்பூசிக் கணக்கெடுப்பு முறையில் 30 கொத்துகள் (ஊர் போன்ற குழுக்கள்), கொத்துக்கு 7 குழந்தைகள். கூடுகுறை 10 புள்ளி என்றால் மேலே சொன்ன கணக்கில் 96.04 வரும், அதை 96 என்றே வைத்துக்கொண்டார்கள். ஒரே ஊர்க் குழந்தைகளின் நிலை பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும் என்பதால் அதை இரட்டித்தார்கள்: 192. 30-ஆல் வகுத்தால் 6.4, அதனால் 7. இப்படிப் பெருக்குகிற எண்ணுக்கு (இங்கே 2) ஆங்கிலத்தில் டிசைன் எஃபெக்ட் என்று பெயர். 'வடிவமைப்பு விளைவு' வெறும் சொல்லுக்குச் சொல். 'கொத்துப்பெருக்கம்' என்று வைக்கலாமென்றால், அடுக்கு அடுக்காகப் பிரித்துக் கூறெடுக்கும்போது அது 1-க்குக் கீழேயும் போகும். அங்கே கொத்தும் இல்லை, பெருக்கமும் இல்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?