கையெழுத்துக்கா மதிப்பெண் போடுகிறேன்?

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். மேலூர்ப் பக்கம் பிளஸ் டூவுக்கு வரலாறு எடுக்கிறேன். மாதத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்த பிறகு ஏதோ உறுத்தியது. பெயரை மடித்து, விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கருத்துகளை மட்டும் எண்ணி மறுபடி திருத்தினேன். ஒரு ஐந்து மதிப்பெண் வினாவில், முத்து முத்தாக எழுதி ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு போட்டிருந்த மாணவிக்கு 5 மூன்றானது. கோழி கிளறியதுபோல் எழுதும் பையனுக்கு 2 நான்கானது. வெட்கமாகிவிட்டது.

அந்தப் பையன் விடியற்காலையில் அப்பாவுடன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருகிறவன். பாதி நாள் முதல் பாடவேளைக்கு இருக்கமாட்டான். பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு சேர, பள்ளியிலேயே நாங்கள் போடும் அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணில் வருகைப்பதிவுக்கும் பங்கு உண்டே! “எல்லாருக்கும் பத்தைப் போட்டுவிட்டுப் போங்கள்” என்கிறார்கள் மூத்தவர்கள். அப்படியானால் உழைத்துச் செயல்திட்டம் செய்தவளுக்கு என்ன பதில் சொல்வது? நான் மட்டும் கறாராகப் போட்டால், மற்ற பள்ளிப் பிள்ளைகளை விட என் பிள்ளைகள் பின்தங்குவார்கள்.

நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? விடைத்தாள் கட்டுகளை ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு திருத்துகிறீர்களா? நெடுவினாவுக்குக் கருத்துவாரியாக மதிப்பெண் பிரிக்கும் படிவம் யாரிடமாவது இருந்தால் பகிருங்கள். திங்கட்கிழமை தாள்களைக் கொடுத்தாக வேண்டும்.