வெளியிலிருந்து வந்து நம் மண்ணிலும் நீரிலும் வேர்விட்ட உயிர்கள்: நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

எண்ணூரிலிருந்து:

கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் இன்று யார் இறங்கினாலும் முதலில் காலில் தட்டுவது காக்கா ஆழி என்கிற சிப்பிதான். சின்னதாக, கருத்த ஓடு. ஒன்றை மட்டும் பிடுங்கலாம் என்று இழுத்தால் முடியாது. நாரால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கொத்தாக வரும், கூடவே நாற்றமடிக்கும் கறுப்புச் சேறும்.

எங்கள் சித்தி இறால் தடவுகிறவர். இடுப்பளவுத் தண்ணீரில் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார். பகலில் இறால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் என்பதால்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. அந்தச் சேற்றின்மேல் பாய் விரித்ததுபோல ஆழி மூடிக்கொண்டால் இறால் எங்கே போய்ப் புதையும்? அடியில் மாட்டிய மஞ்ச மட்டி என்கிற சிப்பியும் செத்துப்போகிறது. தடவுகிற கையை ஓட்டின் விளிம்பு கிழிக்கிறது. "தரையே காணோம்பா, எல்லாம் ஓடா இருக்கு" என்று சித்திதான் எங்கள் வீட்டில் முதலில் சொன்னார். வலைக்காரர்களுக்கும் முன்னால், அதிகாரிகளுக்கு ரொம்ப முன்னால்.

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கக் கரையோரம். மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்பது அறிவியல் பெயர். சரக்கில்லாமல் வரும் கப்பல் நிலைகொள்வதற்காகக் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வந்து, சரக்கேற்றும் துறைமுகத்தில் வெளியேற்றும். கண்ணுக்குத் தெரியாத ஆழிக் குஞ்சுகள் அதோடு வந்து சேரும். கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டும் வரும். மணிலா விரிகுடாவில் 2014இல் தெரிந்தது, 2016இல் சிங்கப்பூர். கேரளக் காயல்களில் இருப்பதாக 2019இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்குகிற உயிருக்கு எங்கள் முகத்துவாரம் நல்ல வசதி.

அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தபோதே தடவுகிறவர்கள் சொன்னார்கள். அன்றைக்கே ஆள் விட்டுப் பிடுங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

கொல்லத்தில் வேலை பார்ப்பவர்:

அஷ்டமுடிக் காயலிலும் இதே கதைதான். இங்கே மட்டி எடுக்கும் தொழிலுக்கு 2014இல், வளம் குறையாமல் மீன்பிடிப்பவர்களுக்குத் தரப்படும் எம்எஸ்சி என்ற சர்வதேசச் சான்று கிடைத்தது, இந்தியாவிலேயே முதல் மீன்பிடித் தொழிலாக. அவ்வளவு கட்டுப்பாடாக, சின்ன மட்டியை விட்டுவிட்டு எடுத்த காயல் இது. மனிதர்கள் வகுத்த விதி வந்தேறி ஆழிக்குப் புரியுமா? மட்டி கிடக்கும் தரையை அது பிடித்துக்கொண்டது.

கூடலூரிலிருந்து:

எங்கள் காட்டில் அந்த வேலையை உண்ணிச்செடி (லான்டானா) செய்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் அழகுக்காகத் தோட்டத்தில் வைத்த அமெரிக்கச் செடி. கறுத்த பழத்தைக் கொண்டைக்குருவி தின்று போகிற இடமெல்லாம் எச்சத்தில் விதை போடுகிறது. தீ வைத்தாலும் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். புல் முளைக்க வெயில் விழாது. மானும் காட்டெருமையும் மேய்ச்சலுக்கு எங்கே போகும்?

வெட்டினால் போகாது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே, மண்ணுக்குள் வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். அப்படிச் செய்த இடத்தில் துளிர்ப்பதில்லை. ஆனால் விதை மண்ணில் இருக்கிறதே, அடுத்த மழைக்கு நாற்று கிளம்பும். அதைக் கையால் பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை விதைத்து, சில வருஷம் விடாமல் பார்க்கவேண்டும். குச்சியில் நாற்காலியும் யானைச் சிலைகளும் செய்கிறார்கள். 2021இல் அந்த யானைகள் லண்டன் பூங்கா வரை போய் நின்றன. செய்தவர்களுக்கு நாலு காசு கிடைத்ததில் எனக்கு மனநிறைவு. ஆனால் தடித்த தண்டுதான் அதற்கு உதவும், நாற்றை யாரும் வாங்கமாட்டார்கள். நாற்று பிடுங்கத் தனியாகக் கூலி கொடுத்தாக வேண்டும்.

எண்ணூர் நண்பரே, அங்கே சுரண்டி எடுத்த ஆழியை என்ன செய்கிறீர்கள்?

எண்ணூரிலிருந்து:

கரைமேட்டில் கொட்டி, நன்றாகக் காய்ந்து வாய் பிளக்கிறவரை விடவேண்டும். அலை ஏறும் இடத்தில் கொட்டக் கூடாது. படகில் ஒட்டியதைச் சுரண்டித் தண்ணீரிலேயே தட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உயிரோடு விழுந்தது புதிதாக நார் விட்டு வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பழவேற்காட்டுப் பக்கம் படகு கொண்டுபோகிறவர்கள் கிளம்புமுன் அடிப்பலகையையும் நங்கூரக் கயிற்றையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள்.