புது டீசல் கெப் லீற்றருக்குப் பதினைந்து ஓடுமா?

வாவிக்கரையான்:
செங்கலடிச் சந்தி என்ற பெயரில் எழுதுகிறவர் நேற்று ஒரு கதை விட்டிருக்கிறார். புது டபுள் கெப்பாம், இன்னும் ஆயிரம் கிலோமீற்றர்கூட ஓடவில்லையாம், மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போனதில் லீற்றருக்குப் பதினைந்து கிலோமீற்றர் கொடுத்ததாம். அதோடு விட்டாரா? "பத்து, பதினொன்று என்று அழுகிறவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது" என்று ஒரு வாலும் ஒட்டியிருக்கிறார். என்னுடையதும் புது வண்டிதான். கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று ஓடினால் பத்தரைக்கு மேல் ஏறுவதில்லை. சரி, எனக்கு ஓட்டத் தெரியாது. ஒரேயொரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். கொழும்பில் திரும்ப எண்ணெய் அடித்தபோது பம்ப் முதல் தடவை 'டக்' என்று வெட்டியதும் நிறுத்தினாரா, அல்லது நுரை அடங்கவிட்டு வாய்வரை நிரப்பினாரா?

செங்கலடிச் சந்தி:
கதை இல்லை ஐயா, கணக்கு. மீற்றரில் 315. கொழும்பில் அடித்தது 21 லீற்றர். பிரித்துப் பாருங்கள். விடியச்சாமத்தில் வெளிக்கிட்டேன், ஏசி போடவில்லை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை என்று எழுபதைத் தாண்டாமல் போனேன். பொறாமைக்கு மருந்து இல்லை.

வாவிக்கரையான்:
பிரிக்கத் தெரியும். முதல் டக்கா, இரண்டாவது டக்கா?

அக்கரைப்பற்று கராஜ்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். புது எஞ்சினில் சிலிண்டர் சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல் போட்டுத்தான் அனுப்புவார்கள். பிஸ்டன் ரிங் அதில் உரசிப் பொருந்தும்வரை இறுக்கம் இருக்கும். கியர்பெட்டி, டிஃபரென்ஷல், பேரிங், எல்லாமே அப்படித்தான். அதனால் முதல் சில ஆயிரம் கிலோமீற்றரில் எண்ணெய் கொஞ்சம் கூடப் போகும். ஆனால் அது சில சதவீதம். பத்தரை ஓடுகிற வண்டி இந்த ரன்னிங் இன், அதாவது உரசிப் பொருந்துகிற காலம், முடிந்ததும் பதினைந்து ஓடும் என்று எவனாவது சொன்னால் அவனிடம் வண்டி வாங்காதீர்கள்.

புளியந்தீவு:
கராஜ் காக்கா, எனக்கு வண்டி விற்றவர் அதைத்தான் சொன்னார். "ஐயாயிரம் ஓடட்டும் சேர், பிறகு தானாக இறங்கும்" என்று. ஐயாயிரமும் போய் இருபதாயிரமும் போயிற்று. இறங்கியது என் காசுதான்.

படுவான்கரை விவசாயி:
தம்பிமார், இந்த டக்கைப் பற்றி ஒரு வார்த்தை. டீசல் நுரைக்கிற சாமான். வேகமாக அடித்தால் டாங்க் நிறையும் முன்னமே நுரை மேலே வந்து பம்பை வெட்டிவிடும். நெல் மூட்டையைக் குலுக்கிக் கட்டினால் இன்னும் ஒரு சுண்டு கொள்ளும் அல்லவா, அதே சங்கதி. ஆறவிட்டு மெல்ல அடித்தால் இரண்டு மூன்று லீற்றர் சும்மா இறங்கும்.

வாவிக்கரையான்:
அப்படிச் சொல்லுங்கள் அண்ணன்! இப்போது கணக்கைப் பாருங்கள். ஊரில் புறப்படும்போது நுரை அடங்க அடங்க வாய்வரை நிரப்புகிறார். கொழும்பில் முதல் டக்கோடு நிறுத்துகிறார். 21 அடித்த இடத்தில் உண்மையில் போனது 24 என்றால் 315ஐ 24ஆல் பிரிக்க 13.1. பதினைந்து எங்கே போனது? பம்பின் வாயில் போனது.

செங்கலடிச் சந்தி:
24 என்பது உங்கள் கற்பனை. நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்களா? பம்ப் அடித்த பொடியன் வெட்டியதும் எடுத்தான். எல்லோருக்கும் அப்படித்தானே அடிக்கிறான்.

வாவிக்கரையான்:
பிடித்தேன். கொழும்பில் முதல் டக். ஊரில்?

செங்கலடிச் சந்தி:
ஊரிலும் ஃபுல் டாங்க்.

வாவிக்கரையான்:
ஃபுல் டாங்க் என்பது பதில் இல்லை. எத்தனை டக்?

கல்முனைக் கணக்கர்:
நான் வேறொன்று கேட்கிறேன். பெயர் செங்கலடிச் சந்தி. எண்ணெய் அடித்ததும் செங்கலடியிலா? அங்கிருந்து புறப்பட்டால் கொழும்பு 300 கிலோமீற்றர் சொச்சம்தான், மட்டக்களப்பு டவுனிலிருந்துதான் 315 வரும். 300ஐ 21ஆல் பிரித்தால் 14.3.

செங்கலடிச் சந்தி:
மீற்றரில் 315 என்று எழுதியிருக்கிறேன். கொழும்புக்குள் சுற்றினேன். கண்ணாடி போட்டு வாசியுங்கள்.

புளியந்தீவு:
கொழும்புக்குள் சுற்றியும் பதினைந்தா? கிராண்ட்பாஸ், பொரளை நெரிசலில் நின்ற நேரம் வண்டி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதாக்கும்.

அக்கரைப்பற்று கராஜ்:
சும்மா நிற்கிற டீசல் எஞ்சின் ஏசியோடு மணிக்கு ஒரு லீற்றரை ஒட்டிக் குடிக்கும். அது இருக்கட்டும். வாவிக்கரையான் தம்பி, உங்கள் பத்தரையை முதலில் பார்ப்போம். டிபிஎஃப் என்கிற புகைவடி உள்ள வண்டியா? டவுனுக்குள் சின்னச் சின்ன ஓட்டமாக ஓடினால் புகைவடியில் கரி சேரும். அதை எரிக்க எஞ்சின் தானாக மேலதிக டீசல் அடிக்கும். அந்த நேரம் ஸ்லோ, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றுகிற வேகம், கூடும், ஃபேன் கத்தும், மீற்றரில் சராசரி விழும். பாதியில் சாவியை அணைத்தால் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. மாதத்தில் சில தடவையாவது வாழைச்சேனைப் பக்கம் ஒரே ஓட்டமாக விட்டுப் பாருங்கள்.

வாவிக்கரையான்:
காக்கா, என் பத்தரை பிரச்சினை இல்லை. அவருடைய பதினைந்துதான் பிரச்சினை.

அக்கரைப்பற்று கராஜ்:
பத்தரையைச் சொல்லித்தானே நீங்கள் தொடங்கினீர்கள்.

வாவிக்கரையான்:
தொடங்கியது அவருடைய வால். "ஓட்டத் தெரியாது" என்றாரே, அது. ஊரில் எத்தனை டக் என்று சொல்லட்டும், நான் போய்விடுகிறேன்.

வாகரை மீன்வண்டி:
ஒட்டோ டீசலா சுப்பர் டீசலா என்று ஒருவரும் கேட்கவில்லையே. சுப்பர் அடித்தால் லீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர் கூட ஓடும்.

அக்கரைப்பற்று கராஜ்:
ஓடாது. சுப்பரில் கந்தகம் குறைவு. டிபிஎஃப், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் நல்லது, புது வண்டிக்கு நானும் அதைத்தான் அடிக்கச் சொல்வேன். ஆனால் லீற்றரில் உள்ள சக்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு கிலோமீற்றர் சுப்பரில் இல்லை, உங்கள் மனதில்.

வாகரை மீன்வண்டி:
உங்கள் கராஜில் படித்ததைவிட நான் ரோட்டில் படித்தது கூட.

புளியந்தீவு:
மீன்வண்டியாருக்கு டீசலைப் பற்றி நல்லாத் தெரியும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் நாங்கள் கியூஆர் காட்டி மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் வாங்கிய காலத்தில் இவருடைய வீட்டுக் கொல்லையில் நீலக் கேன் நிரையாக நின்றது. சுப்பரா ஒட்டோவா என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

வாகரை மீன்வண்டி:
வாயை அளந்து பேசும். அது படகுக்கு. அனுமதிக் கடிதத்தோடு வாங்கியது. அந்தக் கேனில் ஒன்றை யார் இரவோடு இரவாக வந்து கெஞ்சி வாங்கிப் போனது என்று எழுதட்டுமா?

புளியந்தீவு:
எழுதும். என்ன விலைக்குத் தந்தீர் என்பதையும் சேர்த்து எழுதும்.

படுவான்கரை விவசாயி:
போனதைக் கிண்டாதீர்கள். செங்கலடித் தம்பி, ரயர் மாற்றினீரா? பக்கத்து வயல்காரர் 265/65க்குப் பதிலாக 265/70 போட்டார். அதிலிருந்து மீற்றர் கூடக் காட்டுகிறதாம். அதனால்தான் பதினைந்து வந்திருக்கும்.

கல்முனைக் கணக்கர்:
தலைகீழ் அண்ணன். பதினேழு அங்குல ரிம்மில் 265/65 ரயர் 776 மில்லிமீற்றர் உயரம், 265/70 போட்டால் 803. பெரிய ரயர் ஒரு சுற்றில் கூடத் தூரம் போகும், மீற்றரோ பழைய சுற்றைத்தான் எண்ணும். ஆகவே மீற்றர் மூன்றரை சதவீதம் குறைத்துத்தான் காட்டும். பெரிய ரயர் போட்டிருந்தால் அவருடைய உண்மைக் கணக்கு பதினைந்துக்கும் மேலே.

வாவிக்கரையான்:
கணக்கர் இப்போது யார் பக்கம்?

கல்முனைக் கணக்கர்:
கணக்கின் பக்கம்.

செங்கலடிச் சந்தி:
ரயர் மாற்றவில்லை. ஆனாலும் நன்றி. படித்தவர் ஒருவராவது இருக்கிறார்.

வாவிக்கரையான்:
ஊரில் எத்தனை டக்?

செங்கலடிச் சந்தி:
உங்களுக்கு வேறு வேலை இல்லையா? வண்டியின் திரையிலேயே 15.2 என்று காட்டியது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கரைப்பற்று கராஜ்:
திரையை நம்பாதீர்கள். அது இன்ஜெக்டர் திறந்த நேரத்தை வைத்துப் போடுகிற மதிப்பீடு. என் கராஜுக்கு வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் உள்ளதைவிடக் கூடத்தான் காட்டும். உண்மை தெரிய வேண்டுமென்றால் ஒரே எண்ணெய்ச் செட், ஒரே பம்ப், ஒரே மாதிரி நிரப்பு. ஒரு டாங்க் போதாது, மூன்று நாலு டாங்கைச் சேர்த்துக் கூட்டிப் பிரிக்க வேண்டும். 80 லீற்றர் டாங்கில் 21 லீற்றரை மட்டும் அளந்தால் நிரப்புகிற பிழையே முழுக் கணக்கையும் விழுங்கிவிடும். இன்னொன்று தம்பி, ரன்னிங் இன் நேரத்தில் எழுபதிலேயே பிடித்துக்கொண்டு முந்நூறு கிலோமீற்றர் போனது நல்லதில்லை. முதல் ஆயிரத்தில் ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓடாதே என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். கூட்டிக் குறைத்து ஓட வேண்டும், அப்போதுதான் ரிங் நன்றாகப் பொருந்தும்.

செங்கலடிச் சந்தி:
மின்னேரியாவில் யானை குறுக்கே வந்தது, கூட்டிக் குறைத்துத்தான் ஓடினேன்.

வாவிக்கரையான்:
பார்த்தீர்களா! ஒரே சீராக எழுபதில் போனேன் என்றார், இப்போது யானைக்கு நிறுத்தினேன் என்கிறார். யானைக்கு நின்று, பொரளையில் சுற்றி, புது எஞ்சினோடு பதினைந்து!

செங்கலடிச் சந்தி:
"ஒரே சீராக" என்று நான் எழுதவே இல்லை. எழுபதைத் தாண்டவில்லை என்றுதான் எழுதினேன். மேலே போய் வாசியுங்கள்.

வாகரை மீன்வண்டி:
கொழும்புக்குப் போகும்போது இறக்கம், அதனால் கூட ஓடும். வரும்போது பார்க்கச் சொல்லுங்கள்.

புளியந்தீவு:
மட்டக்களப்பும் கடல் மட்டம், கொழும்பும் கடல் மட்டம். இறக்கம் எங்கிருந்து வந்தது? உமது கேனுக்குள்ளிருந்தா?

படுவான்கரை விவசாயி:
இறக்கம் இல்லைதான். ஆனால் கச்சான் காற்றுக் காலத்தில் மேற்கே போகிறவனுக்கு எதிர்க்காற்று. கெப் மாதிரி நெற்றி உயர்ந்த வண்டிக்கு அது பெரிய விஷயம். எந்த மாதம் போனீர் தம்பி?

வாவிக்கரையான்:
மாதத்தைப் பிறகு கேளுங்கள் அண்ணன். பேச்சை மாற்றி அவரைத் தப்பவிடுகிறீர்கள். டக்!

படுவான்கரை விவசாயி:
உங்களுக்கு நியாயமாகத்தானே கேட்டேன். எதிர்க்காற்று என்றால் பதினைந்து இன்னும் கஷ்டம். நுரைக் கதையைச் சொல்லித் தந்ததே நான். என் மேலேயே பாய்கிறீர்.

அக்கரைப்பற்று கராஜ்:
ஒரு வழி சொல்கிறேன். இரண்டு வண்டியையும் ஒரு நாள் கொண்டுவாருங்கள். கல்முனையில் ஒரே செட்டில் மெல்ல நிரப்பி, அம்பாறை, உகணை, மகா ஓயா, செங்கலடி, கல்முனை என்று ஒரு சுற்றுச் சுற்றி, அதே பம்பில் திரும்ப அடிப்போம். நான் முன் சீற்றில் இருக்கிறேன்.

செங்கலடிச் சந்தி:
எனக்குச் சம்மதம். ஆனால் என் வண்டியை நான்தான் ஓட்டுவேன். ஏசி இல்லை.

வாவிக்கரையான்:
எனக்கு ஏசி வேண்டும். வெயிலில் கண்ணாடியைத் திறந்துகொண்டு அவித்த முட்டையாக வர என்னால் ஏலாது. கண்ணாடி திறந்தாலும் காற்று இழுக்கும், அதுவும் எண்ணெய்தான்.

கல்முனைக் கணக்கர்:
ஒருவர் ஏசியோடு, மற்றவர் ஏசி இல்லாமல். அதை ஒப்பிட என்னைக் கூப்பிடாதீர்கள்.

செங்கலடிச் சந்தி:
செட்டும் கல்முனையில் வேண்டாம். செங்கலடியில் வைப்போம், எனக்குத் தெரிந்த பொடியன் இருக்கிறான்.

வாவிக்கரையான்:
தெரிந்த பொடியன்! எல்லோரும் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அடித்தவனும் அவன்தானே?

அக்கரைப்பற்று கராஜ்:
அப்போது அக்கரைப்பற்றிலேயே வைப்போம்.

புளியந்தீவு:
காக்காவின் கராஜுக்குப் பக்கத்துச் செட்டா? சேவிஸ் பில்லையும் சேர்த்துத் தருவார்.

அக்கரைப்பற்று கராஜ்:
உமது பழைய பில்லே இன்னும் கட்டுப்படாமல் கிடக்கிறது புளியந்தீவாரே. டைமிங் பெல்ட் மாற்றியது நினைவிருக்கிறதா?

புளியந்தீவு:
அந்த பெல்ட் இப்போதும் கத்துகிறது. கத்துகிறதற்கும் காசா?

அக்கரைப்பற்று கராஜ்:
கத்துவது ஃபேன் பெல்ட். அதை மாற்றச் சொன்னேன், வேண்டாம் என்றவர் நீங்கள்.

செங்கலடிச் சந்தி:
சுற்றுக்கு டீசல் காசு யார் போடுவது? கேட்டவர்தான் போட வேண்டும்.

வாவிக்கரையான்:
நான் ஏன்? பதினைந்து என்று சொன்னவர் நீர், நிரூபிக்க வேண்டியவரும் நீர். உமக்குத்தான் குறைவாகப் போகுமே.