தானா கலர் மாறுற உல்லன்ல மேடு பள்ளம் டிசைன் போர்வை போடறேன், கோடு வராம திட்டுத்திட்டா வருது

கோரிமேடு_நித்யா

எல்லாருக்கும் வணக்கம்ங்க. குரோஷா (கொக்கி ஊசியில நூல் பின்றது) எனக்கு பழக்கம்தான், குழந்தை ஸ்வெட்டர், டேபிள் விரிப்பு, தோரணம்னு போட்டிருக்கேன், ஆனா ஆள் போத்திக்கிற அளவுக்கு பெரிய போர்வை இதுதான் முதல் தடவை. எங்க பெரியம்மா ஏற்காட்டுல இருக்காங்க, மார்கழி வந்தா அங்க சாயங்காலம் நாலு மணிக்கே மூடுபனி இறங்கிடும், கடையில வாங்கின கம்பளி குத்துதுன்னு சொல்லிட்டே இருப்பாங்க. அவங்களுக்காகத்தான் இது.

நாத்தனார் அமெரிக்காவுல இருந்து வரும்போது செல்ஃப் ஸ்ட்ரைப்பிங் உல்லன் கொண்டாந்து குடுத்தாங்க. கேக்னு சொல்றாங்களே அந்த தட்டை உருண்டை, உள்ள நீலம், அப்புறம் பச்சை, மஞ்சள், அரக்கு, மறுபடி நீலம்னு ஒரே நூல்லயே நீளம் நீளமா மாறிட்டே போகும். பாக்கவே கொள்ளை அழகு. நான் என்ன பண்ணேன்னா ஒரு மீட்டர் அகலத்துக்கு செயின் (அடிச் சங்கிலி) போட்டு, நடுவுல நடுவுல பாபிள் (உப்பின குமிழ்) வச்சு ஆரம்பிச்சேன். இப்ப ஒரு ஜாண் உயரம் வந்திருக்கு.

பிரச்சினை ரெண்டு. ஒண்ணு, ஒரு கலர் முழுசா ரெண்டு வரிசைகூட வரமாட்டேங்குது, வரிசை பாதியிலயே அடுத்த கலர் வந்துடுது, கோடுன்னே சொல்ல முடியல. ரெண்டாவது, பாபிள் கண்ணுக்கே தெரியல, தொட்டா மட்டும்தான் தெரியுது. சிலது பாதி பச்சை பாதி மஞ்சளா வேற நிக்குது. அந்த கேக் மேல ஒட்டியிருந்த படத்துல எவ்வளவு பட்டை பட்டையா அழகா இருந்துச்சு தெரியுங்களா. இதை இப்படியே தொடரலாமா, உருவிடலாமா? உருவினா வேற எந்த டிசைன் போடறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

அம்மாபேட்டை_ஊடை

வணக்கம்ங்க. எங்க வீட்டுல குரோஷா போடறது என் சம்சாரம், நான் தறிக்காரன். ஆனா உங்க கேள்வியப் படிச்சதும் இது எங்க தொழில் கணக்குதான்னு பட்டுச்சு, அதான் எழுதறேன்.

சாயம் விட்டு விட்டு கட்டின ஊடை நூல் (தறியில குறுக்கால ஓடற நூல்) இருக்குதுங்களே, அது ஒரு குறிப்பிட்ட அகலத்துக்குன்னு கணக்கு போட்டுத்தான் கட்டுவாங்க. துண்டு அகலத்துக்கு கட்டின ஊடைய சேலை அகலத்துல ஓட்டினா டிசைன் தாறுமாறா ஓடிடும். நூல் மேல ஒரு குத்தமும் இல்ல, அகலம்தான் மாறிப்போச்சு. உங்க கேக்கும் அப்படித்தான். படத்துல இருக்கிறது பெரும்பாலும் மப்ளரோ தொப்பியோவா இருக்கும், அகலம் கம்மி, அதனால பட்டை தடிமனா தெரியும்.

கணக்கு இப்படிப் போடுங்க. நூலை உருவி ஒரு கலர் எத்தனை மீட்டர் ஓடுதுன்னு அளங்க. கலர் பட்டுன்னு மாறாம மெதுவா கலந்து மாறுற நூலா இருந்தா, ஒரு கலரோட நடுவுல இருந்து அடுத்த கலரோட நடு வரைக்கும் அளங்க. அப்புறம் 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு உங்க டிசைன்லயே நாலு வரிசை போட்டு, கடைசி வரிசைய மட்டும் உருவி அது எவ்வளவு நூல் சாப்பிட்டிருக்குன்னு பாருங்க. பேச்சுக்கு ஒரு கலர் 12 மீட்டர், ஒரு வரிசைக்கு 1.5 மீட்டர்னு வச்சுக்குவோம். அப்ப 20 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு கலருக்கு 8 வரிசை வரும். அதே நூல் ஒரு மீட்டர் அகலத்துல வரிசைக்கு 7.5 மீட்டர் கேக்கும், ஒண்ணரை வரிசைக்கு மேல கொஞ்சம்தான் வரும். இப்ப உங்களுக்கு வர்றது அதுதான்.

இதுல பாபிள் வேற வச்சிருக்கீங்க. ஒரே ஸ்டிச்சுக்குள்ள அஞ்சு தடவை நூலை இழுத்து மொத்தமா முடியறது அது, நூலைக் குடிச்சுடும், அதனால கோடு இன்னும் குட்டையாகும்.

அதனால நான் சொல்றது, ஒரே துணியா போடாதீங்க. 25 சென்டிமீட்டர்ல நாலு பட்டை தனித்தனியா போட்டு சேத்துக்குங்க. அதே ஒரு மீட்டர் கிடைச்சுடும், கோடும் கோடா நிக்கும்.

ஏற்காடு_சரோஜா

நித்யா கண்ணு, உருவிடு. யோசிக்காத. ஒரு ஜாண்தானே, இப்ப உருவறது லேசு. உருவின நூலை அந்த கேக் மேலயே வெளிப்பக்கமா திருப்பிச் சுத்திட்டு வா, கலர் வரிசை மாறாது. இறுக்கி சுத்தாத, லொடலொடன்னு சுத்து. நூல்ல சுருக்கம் சுருக்கமா இருக்கேன்னு கவலை வேண்டாம், போட்டு முடிச்சு ஒரு தண்ணி அலசினா சரியாயிடும்.

ஊடை தம்பி சொன்ன பட்டை கணக்கு ரொம்ப சரி. நான் டிசைன் பத்தி சொல்றேன், எனக்கு இதுல ஆசை ஜாஸ்தி. சின்ன வயசுல இங்க கான்வெண்ட் சிஸ்டருங்ககிட்ட கத்துக்கிட்டது, இன்னைக்கும் கையில ஹூக் இல்லாம டிவி பாக்க மாட்டேன்.

கலர் ஓடற நூல்ல கண்ணு முதல்ல கலரைத்தான் பிடிக்கும். மேடு பள்ளம் தெரியணும்னா அது வரிசை முழுக்க ஒரே மாதிரி ஓடணும். அங்கொண்ணு இங்கொண்ணுன்னு வச்ச பாபிள் கலருக்குள்ள காணாமப் போயிடும். உனக்கு ஏத்தது மூணு சொல்றேன். பேக் லூப்ல (ஸ்டிச் மேல இருக்கிற ரெண்டு இழையில பின்னாடி இழை) மட்டும் சிங்கிள் (குட்டை ஸ்டிச்) போட்டுக்கிட்டே போறது ரொம்ப சுலபம், வரப்பு வரப்பா வரும், கோட்டுக்கு இணையா ஓடறதால கலரை இன்னும் எடுத்துக் காட்டும். அடுத்தது ஆல்பைன், ஒரு வரிசை சிங்கிள், அடுத்த வரிசை டபுளும் (உயரமான ஸ்டிச்) ஃப்ரண்ட் போஸ்டும் (கீழ் ஸ்டிச்சோட தண்டை முன்பக்கமா சுத்திப் போடறது) மாத்தி மாத்தி. மூணாவது வாஃபிள், என் மனசுக்கு பிடிச்சது இதுதான், குளிருக்கும் இதுதான் சரி. அந்த கட்டம் கட்டமான குழியில காத்து நிக்கும், அதுதான் கதகதப்பு.

வாஃபிள் தெரியலன்னா சொல்றேன். செயின் மூணோட மடங்குல போட்டு கூட ரெண்டு போட்டுக்க. முதல் வரிசை முழுக்க டபுள். ரெண்டாவது வரிசையில ஒரு ஃப்ரண்ட் போஸ்ட், ரெண்டு டபுள், ஒரு ஃப்ரண்ட் போஸ்ட், ரெண்டு டபுள்னு போ. மூணாவதுல திரும்பி வரும்போது கீழ டபுள் இருக்கிற ரெண்டு இடத்துல ஃப்ரண்ட் போஸ்ட், கீழ போஸ்ட் இருக்கிற இடத்துல சும்மா டபுள். இந்த ரெண்டையும் மாத்தி மாத்தி போட்டாப் போதும். ஓரத்துல எப்பவும் ஒரு சும்மா டபுள் போட்டுடு, அப்பத்தான் ஓரம் நேரா நிக்கும்.

ஒண்ணு கவனி. போஸ்ட் ஸ்டிச் மேல இருக்கிற ரெண்டு இழையப் பிடிக்காம கீழ் வரிசையோட தண்டையே சுத்திப் பிடிக்கும். அதனால கலர் மாறுற இடத்துல புது கலர் ஒரு வரிசை கீழ வரைக்கும் இறங்கும். நீலம் முடிஞ்சு பச்சை வரும்போது கோடு நேரா வெட்டின மாதிரி இருக்காது, ரம்பப் பல்லு மாதிரி பச்சை நீலத்துக்குள்ள இறங்கி நிக்கும். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும், ஆனா நேர்கோடுதான் வேணும்னா பேக் லூப்ல போ.

இன்னொண்ணு, வீடியோ பாத்துப் போடறதா இருந்தா அது அமெரிக்கா கணக்கா இங்கிலாந்து கணக்கான்னு பாத்துக்க. இங்கிலாந்துக்காரங்க டபுள்னு சொல்றது அமெரிக்காக்காரங்களுக்கு சிங்கிள், அவங்க ட்ரெபிள் இவங்களுக்கு டபுள். எங்க சிஸ்டருங்க சொல்லிக் குடுத்தது எல்லாம் இங்கிலாந்து கணக்கு. நான் மேல எழுதினது அமெரிக்கா கணக்குல.

சூரமங்கலம்_ஹூக்

சரோஜாம்மா சொன்னா அதுல மறுபேச்சு இல்ல, ஆனா பட்டை பட்டையா போட்டு தைக்கிறதுதான் ஒரே வழின்னு நினைக்க வேண்டாம் நித்யா. தைக்கிற வேலை பிடிக்காதவங்க பாதியிலயே அலமாரில தூக்கிப் போட்டுடுவாங்க, எத்தனை பேர் வீட்டுல அப்படி கிடக்குது. மூலையில இருந்து மூலைக்கு குறுக்கா போடற டிசைன் இருக்கு, அதுல ஆரம்பத்துல பட்டை தடியா இருக்கும், நடுவுல போகப் போக மெலிசாகி, எதிர் மூலையில மறுபடி தடியாகும். நடுவுல இருந்து சதுரமா சுத்திப் போனா நடு தடியா, ஓரம் மெலிசா. ஒரே சைஸ் கோடு வராது, ஆனா மாறுறதே ஒரு டிசைனா தெரியும். உங்க பெரியம்மாவுக்கு ஒரே அளவு கோடுதான் வேணும்னா மட்டும் பட்டைக்குப் போங்க.

எப்படிப் போட்டாலும் பந்து மாத்தும்போது ஜாக்கிரதை. பழைய பந்து அரக்குல முடிஞ்சா புது பந்தையும் அரக்கு வர்ற வரைக்கும் உருவி விட்டுட்டு அங்க இருந்து சேக்கணும். அதுக்கு முன்னாடி கலர் எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாருங்க. ஒரு கேக்கை வெளிய இருந்து எடுத்தீங்கன்னா எல்லாத்தையும் வெளிய இருந்தே எடுங்க. உள்ள இருந்து இழுத்தா நீலம் பச்சை மஞ்சள்ங்கிறது மஞ்சள் பச்சை நீலம்னு தலைகீழாயிடும். உருவி எறிஞ்ச துண்டு நூலை வீணாக்காதீங்க, கடைசியில ஓரத்துக்கு ஆகும்.

அதோட பந்துக்குள்ள சில சமயம் மில்லுல போட்ட முடிச்சு ஒண்ணு வரும், அதைத் தாண்டினா வேற கலர் ஆரம்பிச்சிருக்கும். முடிச்சோட சேத்துப் போட்டுட்டுப் போகாதீங்க, வெட்டிட்டு சரியான கலர் வர்ற இடத்துல சேருங்க.

கோரிமேடு_நித்யா

அக்கா, அண்ணா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உருவிட்டேன். ஊடை அண்ணா சொன்ன மாதிரி அளந்து பாத்தேன், நம்ம கணக்குக்கு கிட்டத்தட்டதான் வருது. வாஃபிள்ல 25 சென்டிமீட்டர் அகலத்துக்கு சாம்பிள் போட்டேன், ஒரு கலருக்கு அஞ்சு வரிசை தாராளமா வருது, சரோஜாம்மா சொன்ன அந்த பல்லு பல்லா இறங்கறது நேர்ல பாத்தப்ப அப்படியே உக்காந்து பாத்துட்டே இருந்தேன். பட்டைதான்னு முடிவு பண்ணிட்டேன்.

இப்ப சந்தேகம், நாலு பட்டையையும் ஒரே கலர்ல ஆரம்பிச்சு கோடு நேருக்கு நேரா வர்ற மாதிரி சேக்கணுமா? அப்புறம் சேக்கறது எப்படி, இவ்வளவு தடிமனுக்கு தையல் உப்பிக்கிட்டு நிக்காதா? நூல் பத்தலன்னா என்ன பண்றது, இந்த கேக் இங்க சேலத்துல நான் கேட்ட கடையில எங்கயும் இல்ல.

அம்மாபேட்டை_ஊடை

நேருக்கு நேர் வேண்டாம்ங்க. கை இறுக்கம் ஒரே மாதிரி இருக்காது. காலைல போடறது ஒரு மாதிரி, ராத்திரி அசதியில போடறது ஒரு மாதிரி, நம்மூர் சித்திரை வெயில்ல கை வேர்த்து அக்ரிலிக் ஹூக்குல வழுக்காம பிடிக்கும்போது இன்னும் வேற மாதிரி. மொத பத்து வரிசை நேரா வரும், அப்புறம் அரை வரிசை, ஒரு வரிசைன்னு நழுவும். கொஞ்சமா நழுவின கோடுதான் கண்ணை உறுத்தும். அதுக்கு முதல் பட்டைய நீலத்துல, ரெண்டாவதை மஞ்சள்லன்னு வேணும்னே தள்ளி ஆரம்பிச்சுடுங்க. எல்லா பட்டையிலயும் வரிசை எண்ணிக்கை மட்டும் ஒண்ணா இருக்கணும், பத்து வரிசைக்கு ஒரு தடவை வேற கலர் நூல் துணுக்கு ஒண்ணை முடிஞ்சு வச்சுட்டா எண்ணறது சுலபம்.

ஏற்காடு_சரோஜா

நூல் பத்துமா பத்தாதான்னு இப்பவே பாத்துடலாம் கண்ணு. சமையல்கட்டு எடை மிஷின்ல உன் சாம்பிளை வை. 25க்கு 25 சதுரம் எத்தனை கிராம் வருதோ அதை வச்சு முழு போர்வைக்கு பெருக்கிப் பாரு. ஒரு மீட்டருக்கு ஒண்ணரை மீட்டர் போர்வைன்னா அந்த மாதிரி 24 சதுரம். கையில இருக்கிற கேக் எல்லாத்தையும் நிறுத்து, அதைவிட கம்மியா இருந்தா பதற வேண்டாம், ஒவ்வொரு பட்டைக்கும் சுத்தி ஒத்தை கலர்ல கரை கட்டிடு. வர்த்தமான் கம்பெனி உல்லன்ல அதே தடிமன்ல நீலமோ அரக்கோ பாத்து வாங்கு, கேக்குல இருக்கிற கலர்ல ஒண்ணா இருக்கட்டும், இருட்டா இருக்கட்டும். நடுவுல அந்த இருட்டு கரை ஓடினா ரெண்டு பக்கமும் கலர் இன்னும் பளிச்சுன்னு தெரியும், கண்ணுக்கும் ஒரு ஓய்வு. ரெண்டு நூலும் அக்ரிலிக்தானான்னு லேபிளைப் பாத்துக்க, அசல் கம்பளி நூலைக் கலந்தா துவைக்கையில அது மட்டும் சுருங்கிக்கும்.

சேக்கறதுக்கும் அந்தக் கரைதான் உதவும். பட்டை ஓரத்துல ஒரு டபுள் வரிசைக்கு ரெண்டு சிங்கிள்னு போட்டுட்டு போ. ஓரம் அலை அலையா நெளிஞ்சா ஒண்ணு ரெண்டு குறை, இழுத்துப் பிடிச்சா கூட்டு. நாலு பட்டையிலயும் கரை எண்ணிக்கை ஒண்ணா இருக்கணும். அப்புறம் ரெண்டு பட்டையையும் நல்ல பக்கம் மேல பாக்க பக்கத்துல பக்கத்துல படுக்க வச்சு, வெளி இழைய மட்டும் பிடிச்சு ஊசில தைச்சுட்டு வா. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு சிங்கிள் போட்டு சேத்தாத்தான் உப்பிக்கிட்டு வரப்பா நிக்கும், படுக்கையில முதுகுல உறுத்தும்.

முடிச்சதும் அயர்ன் பாக்ஸ் கிட்டயே கொண்டு போகாத. அக்ரிலிக்ல சூடு பட்டா மேடு படுத்துடும், திரும்ப எழும்பவே எழும்பாது, இவ்வளவு கஷ்டப்பட்டு எழுப்பின வாஃபிள் தட்டையாயிடும். குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நீயே கீழ சேலத்துல அலசிடு. முறுக்கிப் பிழியாத, பெரிய டவல்ல சுருட்டி அமுக்கி எடுத்து, கயித்துக்கட்டில் மேல நிழல்ல பரப்பு. கொடியில தொங்கவிட்டா தண்ணி எடை தாங்காம நீண்டுடும். பெரியம்மாகிட்டயும் சொல்லிடு, மழையிலயும் பனியிலயும் இங்க மேல எதுவும் லேசுல காயாது, மாசி பங்குனில வெயில் நல்லா அடிக்கும்போது துவைச்சுக்கிட்டா போதும்.

சூரமங்கலம்_ஹூக்

ஹூக் சைஸ் யாரும் சொல்லலயே. போஸ்ட் ஸ்டிச் துணிய இறுக்கும், அதனால லேபிள்ல போட்டிருக்கிறதைவிட ஒரு சைஸ் பெருசா எடுங்க நித்யா, இல்லன்னா போர்வை போத்தினா மேல படியாம பலகையா நிக்கும். போனி கம்பெனி ஹூக்ல 5.5 மில்லிமீட்டர் வச்சு ஒரு சாம்பிள், 6 வச்சு ஒரு சாம்பிள் போட்டு கையில தொங்கவிட்டுப் பாருங்க, எது நல்லா வழிஞ்சு விழுதோ அது. சைஸ் மாத்தினா நூல் கணக்கும் மாறும், மறுபடி ஒரு வரிசை உருவி அளந்துட்டே முதல் பட்டைய ஆரம்பிங்க.