மறுமொழி: மறுமொழி: 'தண்டுவட மயக்கம்' – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

செவிலி, ரங்கூன்:
அன்பர்களுக்கு வணக்கம். இடுப்பெலும்பு முறிந்து வரும் நம் பர்மாத் தமிழ்ப் பாட்டி தாத்தாமார்களுக்குத் தமிழில் ஒரு விளக்கத் தாள் தயாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஸ்பைனல் அனஸ்தீசியாவுக்கு, அதாவது அறுவைக்கு முன் முதுகில் போடும் ஊசிக்கு, 'தண்டுவட மயக்கம்' என்று எழுதியிருந்தேன். நேற்று ஒரு தாத்தாவிடம் வாசித்துக் காட்டினால், "மயக்கம்னா தூங்கிருவேன்ல?" என்கிறார். தூங்கமாட்டாரே! இடுப்புக்குக் கீழே இரண்டு மூன்று மணி நேரம் உணர்ச்சி இருக்காது, அவ்வளவுதான். அறுவையின்போது எலும்பில் தட்டும் சுத்தியல் சத்தம் கேட்டுப் பதறிவிடுவார்.

தமிழாசிரியர், மோல்மீன்:
மயக்கத்தின் மேல் பழியில்லை அம்மா, பொருளைச் சுருக்கியது நாம்தான். 'கலந்த மயக்கம் உலகம்' என்கிறது தொல்காப்பியம். இலக்கணத்தில் மெய்ம்மயக்கம், வேற்றுமை மயக்கம் எல்லாம் படித்தோமே, அங்கே யாராவது தூங்கினார்களா? மயக்கம் என்றால் கலப்பு. மருந்து தண்டைச் சூழ்ந்த நீரில் கலக்கிறது. ஆகவே 'தண்டுநீர் மயக்கம்'.

ஓய்வுபெற்ற டாக்டர், ரங்கூன்:
வாத்தியாரையா, மருந்து கலப்பது நிஜம்தான். ஆனால் எனக்கு 'மயக்க'த்தைவிடத் 'தண்டுவட'த்தில்தான் தகராறு. பெரியவர்களுக்கு வடம், அதாவது முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புத் தண்டு, முதலாம் இடுப்பு முள்ளெலும்பை ஒட்டியே முடிந்துவிடுகிறது. நாங்கள் குத்துவது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில், இல்லாவிட்டால் அதற்கும் கீழே. 'தண்டுவடத்தில் ஊசி' என்று வாசித்துவிட்டு, கால் விளங்காமல் போய்விடும் என்று கையெழுத்துப் போட மறுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். இரத்த அழுத்தம் இறங்கும் என்பதையும் தாளில் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு மருந்தளவைக் குறைப்பது அதனாலும்தான்.

(1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் பீர் என்ற மருத்துவரும் அவர் உதவியாளரும் ஒருவர் முதுகில் ஒருவர் இந்த ஊசியைக் குத்திப் பார்த்தார்கள்; பீர் தன் உதவியாளரின் காலைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். அவருக்கு வலிக்கவில்லை. பிறகு இருவருக்கும் தலைவலி! வயதானவர்களுக்கு அந்தத் தலைவலி குறைவு.)

பெகுவிலிருந்து ஒரு தம்பி:
பர்மியரைப் பாருங்கள். முழு மயக்கத்துக்கு மேஸே, மறக்கடிக்கும் மருந்து. மரத்துப்போக வைப்பது தோன்ஸே. குழப்பமே இல்லை. நம் பாட்டிகளுக்கும் தோன்ஸே தெரியும், அதையே போட்டால் என்ன?

தமிழாசிரியர்:
பர்மியச் சொல்லைப் போடத் தமிழ்த்தாள் எதற்குத் தம்பி? 'மரப்பு' என்றும் யாரோ தனிமடலில் எழுதியிருந்தார். 'மரம்போல்வர்' என்று வள்ளுவர் யாரைச் சொன்னார்? பண்பில்லாதவரை! நோயாளியை மரமாக்கவேண்டாம். 'உணர்வகல்வு' என்று வையுங்கள்.

செவிலி:
ஐயா கோபிக்கக்கூடாது. வார்டில் ஒரு பாட்டியிடம் 'உணர்வகல்வு' சொன்னேன். "அல்வாவா? எனக்குச் சர்க்கரை இருக்கே" என்றார்.

மாந்தலே அக்கா:
சம்மணம் போட்டு எழுந்தால் எங்கம்மா "கால் மரத்துப்போச்சு" என்பார். அதில் எந்த மரமும் நினைவுக்கு வருவதில்லை. அதை விட்டுவிட்டு எதைத் தேடுகிறோம்?

டாக்டர்:
வழிமொழிகிறேன். தூக்கம் வருகிறது, மயக்கமில்லாமலே.

செவிலி:
தாள் அச்சுக்குப் போய்விட்டது. 'இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் ஊசி (தோன்ஸே)' என்று போட்டேன். அதன் கீழே பெரிய எழுத்தில்: 'விழித்திருப்பீர்கள். சத்தம் கேட்கும். வலிக்காது. வலித்தால் உடனே சொல்லுங்கள்.' எல்லோருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:
தாளுக்குச் சரி. ஆனால் நீங்கள் போட்டது தொடர், கலைச்சொல் அன்று. அடுத்த பதிப்புக்குத் 'தண்டுநீர் மயக்கம்' என் முன்மொழிவாக அப்படியே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளவும்.