அம்மம்மாவின் பிள்ளைகள் (நோர்வே) – குடும்ப அரட்டைக் குழு

அக்கா: சனி காலை ஏழு மணிக்குக் குதிரைத் தொழுவத்தில் தீவனம் போடுவது இந்தத் தடவை எங்கள் முறை. அன்றைக்குத்தான் அம்மம்மாவின் திவசம். நான் ஐந்து மணிக்கே அடுப்படியில் நிற்க வேண்டும். மகளுக்குத் திரொண்ட்ஹைமில் பரீட்சை. யாராவது போக முடியுமா?

சின்ன மாமி: குதிரையை இன்னும் விற்கவில்லையா?

சித்தி: அந்தக் காசுக்கு ஊரில் காணி வாங்கியிருக்கலாம்.

நான்: எனக்கு இரவு வேலை. ஆறரைக்குத்தான் முடியும்.

அக்கா: வேலை பெரிதில்லை. கதவில் இருப்பது அறையின் பெயர், குதிரையின் பெயர் அல்ல. எங்கள் குதிரை நிற்கும் அறை ஹ்ரிம்பாக்சி. புல்லை வலையில் போட்டு, தராசில் கொழுவி, இரண்டு கிலோ நிறுக்க வேண்டும். வாளியில் பனிக்கட்டி இருந்தால் உடைக்க வேண்டும்.

சின்ன மாமி: வைக்கோல்தானே?

அக்கா: வைக்கோல் அல்ல மாமி, காய்ந்த புல். எதிரே ஸ்கின்பாக்சியில் நிற்பவளுக்குக் குளம்பில் நோய். அவளுக்கு ஒன்றரைக்கு மேல் கூடாது.

சின்ன மாமா: பொருத்தமான பெயர்கள், எல்லாம் இந்த வடநாட்டாரின் பழைய புராணக் குதிரைகள். ஹ்ரிம்பாக்சி என்றால் உறைபனிப் பிடரி; இரவை இழுத்து வரும் குதிரை. அதன் கடிவாளத்தில் வழியும் நுரைதான் விடியற்காலைப் பனித்துளி என்று 13ஆம் நூற்றாண்டிலேயே ஐஸ்லாந்தில் ஸ்னோரி என்ற புலவர் எழுதிவைத்தார். ஸ்கின்பாக்சி பகலின் குதிரை. பிடரி ஒளியில் வானமே வெளுக்கும். நம் சூரியனுக்கு ஏழு குதிரைகள், இவர்களுடைய சூரியனுக்கு வேறு இரண்டே இரண்டு.

நான்: மாமா, சனிக்கிழமை போவீர்களா?

சின்ன மாமா: அதற்குத்தான் வருகிறேன். முதல் அறை ஸ்லைப்னிர், அவர்களுடைய தேவர் தலைவன் ஓடினின் எட்டுக்கால் குதிரை. அதைப் பெற்றது யார் தெரியுமா? லோக்கி! தேவர்களோடு இருக்கும் தந்திரக்காரன், ஆண்தான். தேவர்களுக்கு மதில் கட்ட வந்தவன், ஒரே மாரிக்குள் முடித்தால் ஃபிரேயா தேவியையும் சூரியனையும் சந்திரனையும் கூலியாகக் கேட்டான். கல் இழுத்ததெல்லாம் அவனுடைய குதிரை. லோக்கி பெட்டைக் குதிரையாக மாறி அதைக் காட்டுக்குள் இழுத்துப் போனான். மதில் முடியவில்லை. குட்டி பிறந்தது.

சின்ன மாமி: திவசக் கிழமையில் எழுதுகிற கதையா இது? பிள்ளைகளும் வாசிக்கிறார்கள்.

சின்ன மாமா: மோகினியையும் ஐயப்பனையும் கோயிலில் கேட்கிறோமே!

சித்தி: எங்கள் நெடுந்தீவுக் குதிரைகள் தாமாகவே மேய்கின்றன. யார் அறை கொடுத்தார்கள்?

நான்: வரட்சியில் தண்ணீரில்லாமல் செத்தும் போகின்றன, சித்தி.

சித்தி: அதற்காகப் போர்வை போர்த்திவிடுவதா?

மச்சாள்: வாழைக்காய் எத்தனை கிலோ வேண்டும்?

சின்ன மாமி: நான் வாங்கிவிட்டேன். போன வருடம்போல் கறுத்ததை யாரும் கொண்டுவர வேண்டாம்.

மச்சாள்: அது நான் கொண்டுவந்தது இல்லை.

சின்ன மாமி: நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லையே. ஐஸ்லாந்துக் குதிரைதானே, அங்கேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

அக்கா: முடியாது மாமி. ஐஸ்லாந்தை விட்டு ஒருமுறை வெளியேறிய குதிரையை மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அங்கே அது சட்டம்.

சித்தப்பா: நம் கதைதான்.

மச்சாள்: ஐயர் எத்தனை மணிக்கு வருகிறார்?

அக்கா: பத்துக்கு. பெரிய மாமா வருகிறாரா என்று யாராவது கேட்டீர்களா?

சித்தி: நான் கேட்கமாட்டேன்.

அக்கா: சரி, முதலில் குதிரை. மைனஸ் 14 பாகை என்கிறார்கள், பசியோடு விட முடியாது.

நான்: ஏழரைக்கு வந்தால் பரவாயில்லையா? குளிக்காமல்தான் திவசத்துக்கு வருவேன்.

சின்ன மாமி: அந்த வாடையோடா?

சின்ன மாமா: நானே போகலாம். ஸ்கின்பாக்சிக்கு இரண்டு கிலோ, அப்படித்தானே?

அக்கா: ஐயோ மாமா, ஹ்ரிம்பாக்சிக்கு!

சின்ன மாமா: இரவா, பகலா? சரி, மாமியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

சின்ன மாமி: நான் இங்கேதான் இருக்கிறேன்.