இரும்பு உண்டா என்று குடியேறும் முன்பே அறிவது எப்படி?

செம்புக்கோட்டை:
ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி விளையாட்டில் என் மூன்றாவது கோட்டையும் விழுந்துவிட்டது. இடம் தேர்ந்தெடுக்கும் திரை, மேல்மட்டத்திலும் ஆழத்திலும் உலோகங்கள் இருப்பதாகக் காட்டியது, நம்பி இறங்கினேன். தோண்டத் தோண்ட டெட்ராஹெட்ரைட்டும் கலீனாவும்தான் வந்தன. செம்பு, ஈயம், கொஞ்சம் வெள்ளி. செம்புக் கவசம் அணிந்த எட்டு வீரர்களும் எதிரிகளான கோப்ளின்களின் முதல் முற்றுகையிலேயே மடிந்தார்கள். படைத்தலைவி, வண்டியோடு வந்த முதல் ஏழு பேரில் ஒருத்தி. இன்னொரு முறை அப்படி யாரையும் அனுப்ப மனம் வரவில்லை. வழி சொல்லுங்கள்.

கல்தச்சன்:
டிஎஃப்ஹேக் என்ற துணைக் கருவி விளையாட்டோடு இருந்தால் அதே திரையில் 'ப்ராஸ்பெக்ட்' கட்டளை கொடுங்கள். எந்தத் தாது, ஏறக்குறைய எவ்வளவு என்று பட்டியல் வரும். அது மதிப்பீடு மட்டுமே. இறங்கிய பிறகு 'ப்ராஸ்பெக்ட் ஆல்' கொடுத்தால் மறைந்திருப்பதையும் எண்ணிச் சொல்லும்.

ஆழ்கிணறு:
நண்பரே, திரை பொய் சொல்லவில்லை. ஈயமும் உலோகம்தானே. நீங்கள் தேட வேண்டியது படிவுப்பாறை. ஹெமடைட், லிமோனைட், மேக்னடைட் என்ற மூன்று இரும்புத் தாதுக்களும் அதில் கிடைக்கும். நிலக்கரியும் லிக்னைட்டும் அதில்தான். சுண்ணாம்புக்கல், டோலமைட், சீமைச்சுண்ணாம்பு என்று எஃகுக்கு வேண்டிய இளக்கிக் கல்லும் அங்கேயே. இளக்கிக் கல் உண்டு என்று திரை காட்டினால் பலர் துள்ளிக் குதிக்கிறார்கள். அவசரப்படாதீர்கள்! பளிங்கும் இளக்கிக் கல்தான், ஆனால் அது படிவுப்பாறை அல்ல, உருமாறிய பாறை. பளிங்கை நம்பி ஒரு கோட்டை முழுவதும் இரும்பில்லாமல் தவித்தவன் நான்.

எனக்குக் கட்டளையைவிடக் கடப்பாரை மேல் நம்பிக்கை அதிகம். சேமிப்புக் கோப்புறையை நகலெடுத்து வைத்துவிட்டு இறங்குங்கள். இரண்டு சுரங்கத் தொழிலாளிகளை விட்டு நேர் கீழே ஒரே படிக்கட்டு, இருபது மட்டம். ஐந்து மட்டத்துக்கு ஒருமுறை நான்கு திசையிலும் குறுக்குச் சுரங்கம். பாறையின் பெயர்களைப் படித்தாலே நிலம் பிடிபட்டுவிடும். தேறவில்லையென்றால் நகலுக்குத் திரும்பிப் பக்கத்து இடம் பாருங்கள். இரண்டு நிலப்பகுதிகள் சந்திக்கும் எல்லையில் இறங்கினால் இரண்டு வகைப் பாறை அடுக்குகள் கிடைக்க வாய்ப்புண்டு.

நிறைய இரும்பு வேண்டும் என்றும் கலங்க வேண்டாம். ஒரு தாதுக்கல் நான்கு கட்டி இரும்பு தரும். எஃகில் கரிதான் கையைக் கடிக்கும். அதனால் நிலக்கரி உள்ள இடத்தை விடவே விடாதீர்கள். நிலத்தடி நீரடுக்கு மெல்லியது என்றால் துணிந்து இறங்கலாம், கசியும் இடத்தில் சுவர் எழுப்பினால் போதும். பலமானது என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

செம்புக்கோட்டை:
நேற்று இரவு சதுப்பும் மலையும் சேரும் இடத்தில் படிக்கட்டு இறக்கினேன். மலைப் பக்கம் வெறும் கிரானைட். சதுப்புப் பக்கம் ஏழாவது மட்டத்தில் சுண்ணாம்புக்கல், பதினோராவதில் லிமோனைட். நகலுக்குத் திரும்பப் போவதில்லை. உலை அமைக்கத் தொடங்கிவிட்டேன்.